மிரோஸ்லாவ் குளோசே நிஜமாகவே பெரிய ஸ்ட்ரைக்கரா?

"உலகக் கோப்பையில் 16 கோல் அடித்திருக்கிறார், சரி. ஆனால் பாதி கோல்கள் பக்கத்தில் நின்று தட்டிவிட்டவை. மூன்று கோல் சவூதி அரேபியாவிடம் அடித்தது. பேயர்ன் மியூனிக்கில் பாதி நாள் பெஞ்சில்தான் இருந்தார். அப்படிப்பட்ட குளோசேவை ஏன் பெரிய ஸ்ட்ரைக்கர்கள் வரிசையில் வைக்கிறார்கள்? அவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள எதைப் பார்க்கலாம்?" இதுதான் கேள்வி.

ஜெர்மனியின் முன்னாள் கோலடிக்கும் வீரர் (ஸ்ட்ரைக்கர்) குளோசே பற்றி முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பந்துத் திறமையில் பிரேசிலின் ரொனால்டோவுக்குப் பக்கத்தில் அவரை வைக்க மாட்டேன். கோல் அடித்த விகிதத்தில் பழைய ஜெர்மன் ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லருக்குப் பக்கத்திலும் வைக்க முடியாது. ஆனால் ஒரு தேசிய அணி தன் கோடைக்காலத்தை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஸ்ட்ரைக்கர் யார் என்று கேட்டால், என் பதில் குளோசே. நான்கு உலகக் கோப்பைகள், நான்கிலும் அரையிறுதி, நான்கிலும் கோல். இது அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல. எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டும்.

போலந்தின் ஓபோலே நகரில் 1978 ஜூன் 9 அன்று பிறந்தார். அப்பா யோசெஃப் குளோசே தொழில்முறைக் கால்பந்து வீரர். ஓட்ரா ஓபோலே அணியில் ஆடிவிட்டு பிரான்சின் ஓசேர் அணிக்குப் போனவர். அம்மா பார்பரா போலந்து ஹேண்ட்பால் தேசிய அணியின் கோல்கீப்பர். சிலேசியாவில் ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்பா வழியில் இவர்களும் அப்படித்தான். அந்த வழியில் குடும்பம் மேற்கு ஜெர்மனிக்கு வந்தபோது பையனுக்கு எட்டு வயது. ஜெர்மனில் இரண்டு சொல்தான் தெரியும் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். குடியேறிய ஊர் ரைன்லாண்ட்-பலாட்டினேட் மாநிலத்தின் கூசல். சின்ன ஊர். பக்கத்துப் பெரிய ஊர் கைசர்ஸ்லாட்டர்ன். 1954-இல் உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியின் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்டரின் ஊர் அது. மைதானத்துக்கே அவர் பெயர்தான்.

அப்பா அம்மா இருவரும் விளையாட்டு வீரர்கள் என்றால் பையன் சின்ன வயதிலேயே பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருப்பான் என்று நினைப்போம். இவர் விஷயத்தில் அது நடக்கவில்லை. ஆடியது பிளவ்பாக்-டீடல்கோப்ஃப் என்ற கிராமத்து அணியில், ஏழாம் நிலை லீக்கில். பிழைப்புக்குத் தச்சு வேலை கற்றார், வீட்டுக் கூரைக்கு மரச்சட்டம் போடும் வேலை. பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி. இருபது வயது வரை இதுதான் வாழ்க்கை. இன்றைய ஐரோப்பிய ஸ்ட்ரைக்கர்களில் பலர் அந்த வயதில் சாம்பியன்ஸ் லீக் ஆடியிருப்பார்கள்.

1998-இல் ஹோம்பர்க் அணி கூப்பிட்டது. அடுத்த வருடமே கைசர்ஸ்லாட்டர்ன் எடுத்துக்கொண்டது, அதுவும் இரண்டாம் அணிக்காக. 2000 ஏப்ரலில் ஓட்டோ ரேஹாகல் பயிற்சியில், ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம். 2001 மார்ச் 24-இல் தேசிய அணிக்கு முதல் ஆட்டம்: லேவர்கூசனில் அல்பேனியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 88-ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றி கோலை அடித்தார். கோல் அடித்ததும் ஒரு குட்டிக்கரணம். பிறகு எல்லோருக்கும் பழகிப்போன காட்சி அது. நான்கு நாள் கழித்து ஏதென்சில் கிரீசுக்கு எதிராகவும் இறங்கி ஒரு கோல்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு போலந்துப் பயிற்சியாளர் யெர்சி எங்கெலும் அவரைத் தன் அணிக்கு இழுக்கப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். குளோசே ஜெர்மனிக்காகக் காத்திருந்தார். வீட்டில் பேசிய மொழி போலிஷ்தான். ஜெர்மன் அணியில் அவரும் லூகாஸ் பொடோல்ஸ்கியும் தங்களுக்குள் போலிஷ் பேசிக்கொள்வார்கள். 2006 உலகக் கோப்பையிலும் 2008 யூரோவிலும் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டி) ஜெர்மனி போலந்தை எதிர்கொண்டபோது, போலந்தில் பிறந்த இந்த இருவரும் ஜெர்மனியின் தாக்குதலில் இருந்தார்கள். குளோசே இரு நாட்டையும் மதித்துப் பேசினார், எதையும் மறைக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வர அதுவும் ஒரு காரணம்.

சரி, 2002-க்கு வருவோம். அந்த நேரத்தில் ஜெர்மன் அணியின் நிலைமை மோசம். 2000 யூரோவில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2001 செப்டம்பரில் மியூனிக்கில் இங்கிலாந்திடம் 1-5 என்று தோற்றது. உக்ரைனோடு பிளே-ஆஃப் ஆடித்தான் ஜப்பான், கொரியா போக முடிந்தது. பயிற்சியாளர் ரூடி ஃபோல்லரின் அந்த அணி கோப்பைக்குப் பக்கத்தில் வரும் என்று ஜெர்மனியிலேயே யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. நான்கு வருடம் முன்பு ஏழாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர் அந்த அணியின் முதல் ஸ்ட்ரைக்கராகப் போனார்.

சப்போரோவில் சவூதி அரேபியாவை 8-0 என்று வென்ற ஆட்டத்தில் மூன்று கோல். அடுத்து அயர்லாந்துக்கு எதிராக ஒன்று. பிறகு கேமரூனுக்கு எதிராக ஒன்று. ஐந்தும் தலையால் அடித்தவை. பெரும்பாலும் நடுக்கள வீரர் மிஷாயெல் பாலாக் அனுப்பிய பந்துகள். கேமரூன் ஆட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஜெர்மனியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயிருந்தார். பத்துப் பேரோடு ஆடியபோது மார்கோ போடே அடித்த முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்தது குளோசே. இரண்டாவது கோல் அவரே அடித்தது. தோற்றிருந்தால் ஜெர்மனி முதல் சுற்றோடு வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய ஆட்டம். சவூதிக்கு எதிரான மூன்று கோலை மட்டும் வைத்து 2002-ஐ எடை போடுகிறவர்கள் இந்த ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அதே சமயம் தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் சுற்றில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை என்பதும் உண்மை. யோகோஹாமா இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் 0-2 என்று தோற்றார்கள். குளோசே 74-ஆம் நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டார். இரண்டு கோலும் ரொனால்டோ அடித்தது. பன்னிரண்டு வருடம் கழித்து இந்த இரண்டு பெயரும் மறுபடி ஒன்றாக வரும்.

அவருடைய ஹெடர், அதாவது தலையால் முட்டி அடிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. குளோசே அப்படியொன்றும் உயரமானவர் இல்லை, ஆறடியைச் சற்றே தொடுகிறவர். கூட்டத்தில் நின்று இடித்துத் தள்ளிப் பந்தை எடுப்பவரும் இல்லை. அவர் பலம் ஓட்டம். ஓரத்திலிருந்து கிராஸ் பந்து வருவதற்கு முன் டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் போய் நிற்பார், அதாவது அந்த டிஃபெண்டர் ஒரே நேரத்தில் பந்தையும் இவரையும் பார்க்க முடியாத இடத்தில். பந்து காலை விட்டுக் கிளம்பியதும் முன்னால் வெட்டி ஓடி ஒற்றைக் காலில் எம்பிவிடுவார். டிஃபெண்டர் நின்ற இடத்திலிருந்து குதிப்பார், இவர் ஓடி வந்த வேகத்தில் குதிப்பார். அந்த அரை அடி வித்தியாசம் போதும். தலையில் பட்ட பந்து கீழ்நோக்கிப் போகும். கோல்கீப்பருக்கு அதைத் தடுப்பது கடினம். இது வரம் மாதிரி வந்த திறமை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை முறை பந்து வராமல் அந்த ஓட்டம் வீணாகிறது என்று ஒரு முழு ஆட்டத்தில் எண்ணிப் பார்த்தால் புரியும். பந்து வராத இருபது ஓட்டத்தையும் வந்ததற்கு ஓடியதைப் போலவே ஓடுவார்.

"தட்டிவிட்ட கோல்கள்" என்ற குறைக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. உலகக் கோப்பையில் அடித்த 16-உம் பெனால்டி கட்டத்துக்குள்ளிருந்து அடித்தவை. ஒன்றுகூடப் பெனால்டி உதை இல்லை. ஏழு கோல் தலையால். பக்கத்திலிருந்து அடித்தவை நிறைய, உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் ஸ்ட்ரைக்கர் தொழிலே. காலியான கோல் முன்னால் பந்து வந்து விழும்போது அங்கே ஒருவர் நின்றால் "சுலபமான கோல்" என்கிறோம். யாரும் நிற்காவிட்டால் அதைக் கோல் வாய்ப்பு என்றுகூடச் சொல்ல மாட்டோம்.

கிளப் வாழ்க்கையில் அவருடைய உச்சம் பிரேமனில். 2004-இல் கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து வெர்டர் பிரேமனுக்குப் போனார். பயிற்சியாளர் தாமஸ் ஷாஃப். அவருடைய அணி முன்னேறித் தாக்குவதிலேயே குறியாக இருக்கும். மூன்று வாங்கினாலும் நான்கு அடிக்கலாம் என்கிற ஆட்டம். நடுவில் பிரெஞ்சுக்காரர் யோஹான் மிக்கூ பந்தை ஊட்டுவார், முன்னால் இவான் கிளாஸ்னிச் துணை. இந்தச் சூழலில்தான் குளோசே முழு ஸ்ட்ரைக்கர் ஆனார். தலையால் மட்டும் அடிப்பவர் என்ற பெயர் போய், இரண்டு காலாலும் அடித்தார், பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கித் துணைக்குக் கொடுத்தார். 2005-06 பருவத்தில் 26 ஆட்டத்தில் 25 கோல், புண்டஸ்லிகாவின் அதிக கோல். 2006-இன் சிறந்த ஜெர்மன் வீரர் விருதும் அவருக்கே. பிரேமனில் மொத்தம் 89 லீக் ஆட்டம், 53 கோல். கிளப்பில் சாதிக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்த மூன்று வருடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பிரேமனில் நடந்த இன்னொரு விஷயம். 2005 ஏப்ரலில் ஆர்மீனியா பீலஃபெல்ட் அணிக்கு எதிரான ஆட்டம், 0-0. கோல்கீப்பர் மத்தியாஸ் ஹைன் வெளியே வந்து பாய்கிறார், குளோசே விழுகிறார், நடுவர் ஹெர்பர்ட் ஃபாண்டல் பெனால்டி கொடுக்கிறார். குளோசே நடுவரிடம் போய் அது ஃபவுல் இல்லை, கோல்கீப்பர் பந்தைத்தான் தொட்டார் என்று சொல்லிவிட்டார். பெனால்டி ரத்து. கடைசியில் பிரேமன் 3-0 என்று வென்றது. நேர்மைக்காக அவருக்கு விருது கொடுத்தார்கள். இதற்கெல்லாம் விருதா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஏழு வருடம் கழித்து இத்தாலியில் அதையே மறுபடி செய்தார். 2012 செப்டம்பர், ரோம் நகரின் லாட்சியோ அணிக்காக நாப்போலி மைதானத்தில் ஆட்டம். தொடங்கிய சில நிமிடத்தில் கார்னர் பந்து அவர் கையில் பட்டு உள்ளே போய்விட்டது. நடுவர் லூகா பான்டி கோல் என்றார். குளோசே தன் கையில் பட்டதை ஒப்புக்கொண்டார், கோல் ரத்தானது, நாப்போலி வீரர்கள் வந்து கை கொடுத்தார்கள். இந்தத் தடவை அணி தோற்றது, 0-3. எடின்சன் கவானி மூன்று கோல். வென்ற ஆட்டத்தில் நேர்மையாக இருந்ததைவிட இது பெரிது என்று நினைக்கிறேன். மைதானத்தில் ஏமாற்றுவதும் திறமையில் ஒரு பகுதி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்றதே இல்லை. உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலின் உச்சிக்குப் போனவரே அதற்கு மறுப்பாக நிற்கிறார்.

2006 உலகக் கோப்பை சொந்த நாட்டில் நடந்தது. தொடக்க ஆட்டம் ஜூன் 9, மியூனிக். அன்று அவருக்கு 28-ஆவது பிறந்தநாள். கோஸ்டா ரிகாவுக்கு எதிராக இரண்டு கோல். எக்வடோருக்கு எதிராக பெர்லினில் இரண்டு. ஆனால் கால் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அடித்த ஒன்றுதான் எடை கூடியது. 0-1 என்று பின்தங்கி, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 80-ஆம் நிமிடம் பாலாக் கிராஸ் போட, டிம் போரோவ்ஸ்கி தலையால் திருப்பிவிட, குளோசே தாழ்வாக வந்த பந்தைத் தலையால் மூலைக்குள் தள்ளினார். பெனால்டியில் ஜெர்மனி வென்றது. அரையிறுதியில் இத்தாலியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். ஐந்து கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் விருது குளோசேவுக்கு.

அடுத்த வருடம் பேயர்ன். இங்கேதான் கேள்வியில் இருக்கும் குறை ஓரளவு பொருந்துகிறது. அதே கோடையில் லூகா டோனியும் ஃபிராங்க் ரிபெரியும் வந்தார்கள். முதல் பருவத்தில் டோனி 24 லீக் கோல் அடித்து முதலிடம், குளோசே பத்து. 2009-இல் மாரியோ கோமஸ் வந்தார், லூயி வான் கால் பயிற்சியாளரானார், குளோசேவின் இடம் இன்னும் சுருங்கியது. 2009-10 பருவத்தில் லீக்கில் மூன்றே கோல். நான்கு வருடத்தில் 98 லீக் ஆட்டம், 24 கோல். லீக் கோப்பையும் ஜெர்மன் கோப்பையும் இரண்டிரண்டு முறை கிடைத்தன. 2010 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இத்தாலியின் இன்டர் அணியிடம் தோற்ற ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்தார். ஒரு ஸ்ட்ரைக்கரின் பார்வையில் இவை மெலிந்த வருடங்கள், இதை மழுப்ப வேண்டியதில்லை.

அந்த மூன்று கோல் பருவம் முடிந்த கையோடுதான் 2010 உலகக் கோப்பை. அதே பருவத்தில் லேவர்கூசனின் ஸ்டெஃபான் கீஸ்லிங் 21 லீக் கோல் அடித்திருந்தார். ஆனாலும் ஜெர்மனியின் பயிற்சியாளர் யோஆகிம் லோவ் முதல் பதினொன்றில் குளோசேவைத்தான் வைத்தார். அதற்காக நிறைய விமர்சனம் வாங்கினார். லோவ் எதைப் பார்த்தார்? மெசுட் ஓசில், தாமஸ் முல்லர், பொடோல்ஸ்கி ஆகிய மூவரும் காலியான இடத்தைப் பார்த்துப் பாய்கிறவர்கள். அந்த இடத்தைக் காலி செய்து கொடுக்க முன்னால் ஒருவர் வேண்டும். எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் (சென்டர் பேக்) இருவரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறவர், தனக்குப் பந்து வராவிட்டாலும் முகம் சுளிக்காதவர். கிளப்பில் வாரா வாரம் கோல் எண்ணிக்கை பார்ப்பார்கள். தேசிய அணியில் ஏழு ஆட்டத்துக்குள் எல்லாம் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் குளோசேவிடம் இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு ஹெடர் கோல். செர்பியாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற்றம்; ஜெர்மனி 0-1 என்று தோற்றது. திரும்பி வந்தது இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த கோல் இதுதான், வெளியே தெரியாத காரணத்துக்காக. 20-ஆம் நிமிடம் ஜெர்மனி கோல்கீப்பர் மானுவல் நோயரின் கோல் கிக். கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்ற குற்றம், கிடையாது. விதி எல்லோருக்கும் தெரியும். அந்த நொடியில் நினைவில் வைத்திருந்தவர்கள் நோயரும் குளோசேவும்தான். இங்கிலாந்து டிஃபெண்டர் ஜான் டெர்ரி இடம் விட்டு வந்துவிட்டார். குளோசே இன்னொரு டிஃபெண்டர் மாத்யூ அப்சனுக்குப் பக்கத்தில் ஓடி, தோளால் தாங்கி, பந்து இரண்டாம் தடவை எழும்பும்போது காலை நீட்டிக் கோலுக்குள் தள்ளினார். மூன்றாவது ஆள் தொடவே இல்லை. ஆட்டம் 4-1. அடுத்து கேப் டவுனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 4-0. அது அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம், அதில் இரண்டு கோல். உலகக் கோப்பைக் கணக்கு 14 ஆனது, கெர்ட் முல்லருக்குச் சமம். ஸ்பெயினிடம் அரையிறுதியில் தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் முதுகு வலியால் அவர் ஆடவில்லை. அன்று ஆடியிருந்தால் கணக்கு அப்போதே முடிந்திருக்கலாம்.

33 வயதில் லாட்சியோ. வயதான வீரர் கடைசிக் காசு பார்க்கப் போகிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. 2011 அக்டோபரில் ரோமா-லாட்சியோ ஆட்டம், 1-1, கூடுதலாகக் கொடுத்த நேரமும் தீரப்போகிறது. 93-ஆம் நிமிடம் குளோசே பந்தை வாங்கி மூலைக்குள் அடித்தார். ரோம் நகரில் அந்த ஒரு கோல் போதும், பிறகு நீங்கள் காலம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2013 மே மாதம் போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். அதே மாதம் ரோமாவை வீழ்த்தி இத்தாலியக் கோப்பை. ஐந்து பருவத்தில் 139 லீக் ஆட்டம், 54 கோல். பேயர்னில் அடித்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் 33-லிருந்து 38 வயதுக்குள். உடம்பைப் பேணுவதில் அவர் காட்டிய கண்டிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2013 செப்டம்பரில் ஆஸ்திரியாவுக்கு எதிராக அடித்த கோல் அவருடைய 68-ஆவது சர்வதேச கோல். கெர்ட் முல்லரின் தேசிய சாதனைக்குச் சமம். 2014 ஜூனில் ஆர்மீனியா நாட்டுக்கு எதிராக 69. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: முல்லர் 68 கோலை 62 ஆட்டத்தில் அடித்தார். குளோசேவுக்கு அதன் இரண்டு மடங்கு ஆட்டங்கள் தேவைப்பட்டன. உலகக் கோப்பையிலும் அப்படித்தான். முல்லர் 13 ஆட்டத்தில் 14, ரொனால்டோ 19 ஆட்டத்தில் 15, பிரான்சின் ஜூஸ்ட் ஃபோன்டேன் 1958-இல் ஆறே ஆட்டத்தில் 13. குளோசே 24 ஆட்டத்தில் 16. வேகம் அவர்களுடையது, நீளம் இவருடையது. நீளத்தைக் குறைத்துப் பேசுவதை மட்டும் ஏற்க மாட்டேன். 24 உலகக் கோப்பை ஆட்டம் ஆட வேண்டும் என்றால் பன்னிரண்டு வருடம் நாட்டின் முதல்தர ஸ்ட்ரைக்கராக இருக்க வேண்டும், அணி ஒவ்வொரு முறையும் கடைசி வாரம் வரை தாக்குப் பிடிக்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. குளோசே கோல் அடித்த எந்த சர்வதேச ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. 71 கோல், ஒரு தோல்விகூட இல்லை.

2014-இல் லோவ் பிரேசிலுக்குக் கூட்டிப்போன 23 பேரில் அசல் சென்டர் ஃபார்வர்டு குளோசே ஒருவர்தான். வயது 36. முதல் ஆட்டத்தில் இறக்கவே இல்லை; தாமஸ் முல்லர் மூன்று கோல் அடித்து போர்ச்சுகலை 4-0 என்று முடித்தார். இரண்டாவது ஆட்டம் ஃபோர்டலேசாவில் கானாவோடு. ஜெர்மனி 1-2 என்று பின்தங்கியபோது 69-ஆம் நிமிடம் குளோசே உள்ளே வந்தார். 71-ஆம் நிமிடம் டோனி குரோஸின் கார்னரை பெனடிக்ட் ஹோவேடஸ் தலையால் திருப்பிவிட, தூரக் கம்பத்தில் குளோசே சறுக்கிக் காலை நீட்டினார். 15-ஆவது கோல், ரொனால்டோவுக்குச் சமம். குட்டிக்கரணம் அடிக்கப் போய்த் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். 36 வயதில் அதையும் முயன்று பார்த்தாரே என்று அன்று ரசிக்காதவர் இருக்க முடியாது.

பிறகு ஜூலை 8, பெலோ ஒரிசோன்டே. பிரேசிலை 7-1 என்று வென்ற அரையிறுதி. 23-ஆம் நிமிடம் குளோசே அடித்த முதல் பந்தை பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சேசார் தடுத்தார். திரும்பி வந்ததை மறுபடி உள்ளே அடித்தார். 16. ரொனால்டோ அதே மைதானத்தில் வர்ணனையாளராக உட்கார்ந்திருந்தார். அந்த கோலுக்குப் பிறகு ஆறு நிமிடத்தில் இன்னும் மூன்று விழுந்ததால், சாதனை கோல் அந்த இரவில் ஒரு சின்னச் செய்தியாகிவிட்டது. அதுவரை அவருக்கு அரையிறுதி என்றாலே வறட்சி. கொரியா, இத்தாலி, ஸ்பெயின் மூன்று அணிகளுக்கு எதிராகவும் கோல் இல்லை. நான்காவது அரையிறுதியில்தான் முதல் கோல். நான்கு உலகக் கோப்பை அரையிறுதியில் ஆடிய முதல் வீரரும் அவரே.

மரக்கானா இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்து ஆடினார். 88-ஆம் நிமிடம் லோவ் அவரை வெளியே அழைத்து மாரியோ கோட்சேவை அனுப்பினார். 113-ஆம் நிமிடம் கோட்சே அடித்த கோலில் ஜெர்மனி உலக சாம்பியன். 2002-இல் இரண்டாம் இடம், 2006-இலும் 2010-இலும் மூன்றாம் இடம், 2014-இல் முதல் இடம். ஒரு மாதம் கழித்து 137 ஆட்டம், 71 கோல் என்ற கணக்கோடு தேசிய அணியிலிருந்து விலகினார். லாட்சியோவில் இன்னும் இரண்டு பருவம் ஆடி, 2016 நவம்பரில் விளையாட்டை முழுதாக நிறுத்தினார். பிறகு பயிற்சியாளர் வேலை: பேயர்னின் 17 வயதுக்குட்பட்டோர் அணி, பேயர்ன் பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக்கின் உதவியாளர், ஆஸ்திரியாவின் அல்டாக், 2024-இல் ஜெர்மனியின் நியூர்ன்பெர்க்.

சாதனை நிலைக்குமா என்று சிலர் கேட்பார்கள். 2022 கத்தார் போட்டி முடிந்தபோது மெஸ்ஸி 13, எம்பாப்பே 12. எம்பாப்பே அதை இரண்டே உலகக் கோப்பையில் அடித்தவர். எண்ணிக்கை கைமாறுவதற்காக வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. கைமாறினால் குளோசே சின்னவர் ஆகிவிடுவார் என்ற பேச்சுதான் தவறு.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். கோல் தொகுப்பு வீடியோக்களை விட்டுவிடுங்கள், அதில் குளோசே சாதாரணமாகத்தான் தெரிவார். 2010 இங்கிலாந்து ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும். ஜெர்மனியின் மூன்றாவது, நான்காவது கோல்களின்போது இங்கிலாந்து டிஃபென்ஸ் ஏன் அப்படிப் பிளந்து கிடந்தது என்று முதல் பாதியிலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். அடுத்து 2002 கேமரூன் ஆட்டம், பத்துப் பேரோடு ஆடும்போது ஒரு ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்பதற்காக. அப்புறம் பிரேமனின் 2005-06 ஆட்டம் எது கிடைத்தாலும் சரி. மிக்கூவிடம் பந்து போன உடனே குளோசே எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கவனியுங்கள்.